நூல் பரிந்துரை: அறமா, ஆணையா?

ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்கக்கூடிய பொருள்கள் பல. பணம் கொடுக்கலாம், உணவு கொடுக்கலாம், ஆறுதல் மொழி கூறலாம். இவற்றுள் ஒன்றிலும் அடங்காத கொடை ஒன்று உண்டு. ‘இந்த நூலைப் படித்துப் பாருங்கள்’ என்று சொல்வதே அது. சொல்பவர்க்குச் செலவில்லை. ஆயினும் கேட்பவர் அச்சொல்லை ஏற்றால் அவருடைய வாழ்நாளில் பல மணி நேரம் அந்நூலுக்குச் சென்றுவிடும். சில வேளைகளில் வாழ்நாளின் போக்கே மாறிவிடும். அதே சொற்களைத் தந்தை மகனிடமும், ஆசிரியர் மாணவரிடமும், அரசு மக்களிடமும் சொல்லும்போது கொடையின் சாயல் குறைந்து ஆணையின் சாயல் கூடிவிடுகிறது. அவ்வாறாயின் பிறர் இன்னதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? சொல்லாமல் இருப்பது மட்டும் குற்றமற்ற செயலாகுமா? இவ்விரு வினாக்களையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மேசையும் சில நூல்களும்

அமெரிக்க நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றொரு கல்வி அமைப்பு உண்டு. 1901 ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கப்பெற்ற கல்லூரியை இவ்வகைக்கு முன்னோடி என்பர். இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், உயர்ந்த மதிப்பெண் கேட்டு வாயிலிலேயே தடுக்காமை ஆகியவை இக்கல்லூரிகளின் இயல்புகள். இங்கே பயில்வோரிற் பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். குடும்பப் பொறுப்பு உடையவர்கள். வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள்.

இக்கல்லூரிகளின் நூலகங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. குடியேற்றம், உழைப்பு, பெண்கள் வரலாறு, சுற்றுச்சூழல் என ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது பற்றிய நூல்கள் சிலவற்றைத் தேர்ந்து, வாயிலருகே ஒரு மேசைமீது பரப்பி, ‘இவற்றைப் படிக்கலாம்’ என்று ஒரு பட்டியலும் வைப்பார்கள். சில வாரங்கள் சென்றபின் பொருளும் மாறும், நூல்களும் மாறும். பார்ப்பதற்குச் சிறிய செயல்தான். எனினும் அதன் பயன் சிறிதன்று.

நூலகத்தில் நூல்கள் பாகுபாட்டு எண் வரிசையில் அடுக்கப்படுகின்றன என்பது நாம் அறிந்ததே. 1876 இல் மெல்வில் டியூயி வெளியிட்ட பதின்மப் பாகுபாட்டு முறையை எடுத்துக்கொள்வோம். குடியேற்றம் பற்றிய சமூகவியல் ஆய்வு 300 வரிசையில் இருக்கும். அதே பொருள் பற்றிய நாவல் 800 வரிசையில் இருக்கும். வரலாறு 900 இல் இருக்கும். குடியேறியவர்கள் தம்மோடு கொண்டுவந்த சமையற்கலையோ 641 இல் இருக்கும். ஒரு குடும்பத்து உறுப்பினர்கள் நான்கு ஊர்களில் பிரிந்து வாழ்வது போன்றது இது. பொருள்வழிப் பட்டியல் அந்த நால்வரையும் திருவிழாவுக்கு அழைத்து ஒரே பந்தியில் அமர்த்துகிறது. பகல் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் அரைமணி நேரம் நூலகத்திற்கு வரும் ஒருவர் நான்கு வரிசைகளிலும் தேடிக்கொண்டிருக்க இயலுமா? மேசை அவருடைய வேலையைப் பாதியாக்குகிறது.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இரா. அரங்கநாதன் கண்ட ஐந்து விதிகள் இங்கே நினைவிற்கு வருகின்றன. 1892 இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931 இல் அவ்விதிகளை நூலாக வெளியிட்டார். பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பல்கலைக்கழகப் பணியாற்றிய அவரும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்த தமிழரே. அவர்தம் இரண்டாம் விதி வாசகர் பக்கம் நின்று அவர்க்குரிய நூலைத் தேடுகிறது. மூன்றாம் விதி நூலின் பக்கம் நின்று அதற்குரிய வாசகரைத் தேடுகிறது. நான்காம் விதி வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. பரிந்துரை மேசை இம்மூன்று விதிகளையும் ஒருங்கே நிறைவேற்றுகிறது. இது வரையில் ஐயத்திற்கு இடமில்லை.

தேர்தலும் விடுதலும்

ஐயம் இனித்தான் தொடங்குகிறது. மேசைமீது இருபது நூல்களை வைக்கலாம். ஈராயிரத்தை வைக்க இயலாது. எனவே இருபதை எடுப்பவர் எஞ்சியவற்றை விடுகிறார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்போர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புபவர் முடிவெடுப்பவர் அல்லர், முடிவு அதிகாரியுடையது. ஆயினும் எந்த முன்னிகழ்வை எடுத்துக்காட்டினார், எந்தக் கடிதத்தை இணைத்தார், எதை இணைக்காமல் விட்டார் என்பவற்றிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. ‘நான் வெறுமனே பரிந்துரைத்தேன்’ என்று அவர் கைகழுவிவிட முடியாது. நூலைப் பரிந்துரைப்பவர் நிலையும் அத்தகையதே.

ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். ஆப்பிரிக்கா என்னும் பொருளில் ஒருவர் மேசை அமைக்கிறார் என்று கொள்வோம். ஜோசப் கான்ராட் 1899 இல் எழுதிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்னும் புகழ்பெற்ற குறுநாவலை வைக்கிறார். தவறில்லை. ஆனால் அதனோடு நின்றுவிட்டால், ஐரோப்பியர் ஒருவர் கண்ட ஆப்பிரிக்காவே ஆப்பிரிக்கா என்றாகிவிடும். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1958 இல் எழுதிய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலில், அம்மண்ணில் பிறந்தவர்களுக்குப் பெயரும் குடும்பமும் பழமொழியும் வழக்காறும் இருக்கின்றன. நல்லதும் தீயதும் இருக்கின்றன. அதே அச்சிபி 1975 இல் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் கான்ராடின் நூலை இனவெறிப் பார்வை உடையது என்று கடுமையாகச் சாடினார். அவர் கூற்றை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். பரிந்துரைப்பவரின் கடமை இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது அன்று. இரு நூல்களையும் அருகருகே வைப்பதே. தீர்ப்பை வாசகர் கூறிக்கொள்வார்.

அப்படியானால் எல்லாவற்றையும் வைத்தே தீர வேண்டுமா, ஒன்றை விலக்கினாலே அது தணிக்கையாகிவிடுமா என்று கேட்கலாம். இவ்வினாவை லெஸ்டர் ஆஷைம் என்னும் அமெரிக்க நூலகவியல் அறிஞர் 1953 இல் ஆராய்ந்தார். தேர்வு செய்பவரும் தணிக்கை செய்பவரும் புறத்தே ஒரே செயலைச் செய்கின்றனர். இருவருமே சில நூல்களை விலக்குகின்றனர். வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது. தேர்வு செய்பவர் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் அதனை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார். தணிக்கை செய்பவரோ விலக்கக் காரணம் தேடுகிறார். முன்னவர்க்கு வாசகர்மீது நம்பிக்கை உண்டு. பின்னவர்க்குத் தம்மீது மட்டுமே நம்பிக்கை. இது அவர் கருத்தின் சாரம். குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு மிகையானதைக் கொள்ளுமாறு வள்ளுவர் மனிதரைத் தெளிவதற்குச் சொன்ன நெறி, நூலைத் தெளிவதற்கும் பொருந்தும். குற்றத்தை மட்டும் நாடுபவர் கையில் எந்த நூலும் தேறாது.

மேசை கூண்டாகும் இடம்

பரிந்துரையில் மற்றொரு தீங்கும் உண்டு. அது நல்லெண்ணத்திலிருந்தே பிறப்பதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கறுப்பின அமெரிக்கர்களின் வரலாறு பாடநூல்களில் இடம்பெறாதது கண்டு வருந்திய வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன், 1926 இல் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்தை அவ்வரலாற்றுக்கென ஒதுக்கச் செய்தார். 1976 இல் அது முழு மாதமாக விரிந்தது. அம்மாதத்தில் நூலகங்களெல்லாம் அவர்தம் நூல்களை மேசைக்குக் கொண்டுவருகின்றன. மிக நல்ல பணி. ஆனால் மார்ச்சு முதல் நாள் அந்நூல்கள் மீண்டும் உள்ளறைக்குச் சென்று, அடுத்த பிப்ரவரி வரை எவர் கையும் படாமல் இருக்குமானால், மேசை அவற்றுக்கு வாசலாயிற்றா, கூண்டாயிற்றா? அவை நாவல் என்ற முறையிலோ கவிதை என்ற முறையிலோ மதிக்கப்படாமல், ஓர் இனத்தின் அடையாள அட்டையாக மட்டும் ஆகிவிடவில்லையா?

இந்த வினாவைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு நாம் அமைதியடைய இயலாது. பொங்கலன்றும் ஆண்டு விழாவன்றும் மட்டும் தமிழ் நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லையா? பிள்ளைகள் அதைக் காண்கிறார்கள். தமிழ் நூல் என்பது பட்டு வேட்டியைப் போல விழாவுக்குரியது, அன்றாடத்திற்குரியது அன்று என்று நாம் வாய்திறந்து சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பொருளைப் போற்றுவதற்காக நாம் ஒதுக்கும் தனியிடம், அப்பொருளை மற்ற இடங்களிலிருந்து விலக்கிவிடாதபடி காப்பதும் பரிந்துரைப்பவரின் கடமையே.

தொகுத்தவர் காத்தது

இவ்வளவு இடர்கள் இருப்பின் பரிந்துரையே வேண்டா, அவரவர் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே எனச் சிலர் கருதலாம். இதற்கு நம் இலக்கிய வரலாறே விடை கூறும். புறத்திரட்டு என்பது பழம்பாடல்களைத் தேர்ந்து, திருக்குறளைப் போல் அதிகாரம் அதிகாரமாகப் பொருள்வழிப் பகுத்து அமைத்த தொகைநூல். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் உள்ளன. இன்றைய நூலகர் மேசைமீது செய்வதை அந்நாளில் ஓலையில் செய்தார் அதன் தொகுப்பாளர். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் செய்த நன்மை தெரிகிறது. மூவேந்தர் புகழ் பாடும் முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பெயரிலேயே தொள்ளாயிரம் என்னும் எண்ணைத் தாங்கிய அந்நூலில் இன்று எஞ்சியிருப்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே. அவையும் புறத்திரட்டில் எடுத்தாளப்பட்டமையாலேயே பிழைத்தன. தகடூர் யாத்திரையின் பாடல்கள் சிலவும் அவ்வாறே தப்பின.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எடுத்துக் காட்டப்பட்டது வாழ்ந்தது. எடுத்துக் காட்டப்படாதது மறைந்தது. ‘நான் எதையும் பரிந்துரைக்கமாட்டேன், நடுவுநிலைமையோடு இருப்பேன்’ என்பவர் உண்மையில் நடுவே நிற்கவில்லை. மறதியின் பக்கம் நிற்கிறார். மௌனமும் ஒருவகைத் தேர்வே. அதிலும், கடையில் எது கண்ணில் படும்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ, எதன் விளம்பரம் பெரிதோ, அதுவே நாம் காட்டாது விட்ட இடத்தை நிரப்பிவிடும்.

சேலம் இராமசாமி முதலியார் காட்டிய வழி

எனவே பரிந்துரைத்தல் வேண்டும், ஆனால் எவ்வாறு? தமிழர்க்கு இதற்கொரு பேரிலக்கணம் வாய்த்திருக்கிறது. 1880 ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என வரிசையாகக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். இந்நிகழ்ச்சியை ஐயரே தம் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதைத் தமிழுலகம் அறியும். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன.

முதலியார் செய்ததை ஒரு பரிந்துரையாக வைத்துப் பார்த்தால் அதில் நான்கு அறங்கள் புலனாகின்றன.

முதலாவது, அவர் சொல்லத் தொடங்குமுன் கேட்டார். எதிரில் இருப்பவர் எதைப் படித்தவர், எங்கே நிற்கிறார் என்று அறிந்துகொண்டார். வாசகரை அறியாமல் நூலைச் சொல்வது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும்.

இரண்டாவது, அவர் ஐயரை அவர் பழகிய எல்லைக்குள்ளேயே நிறுத்திவிடவில்லை. ஐயர் சைவ மரபில் ஊறியவர். சிந்தாமணியோ சமண நூல். ஒருவர்க்குப் பிடித்ததையே மீண்டும் காட்டுவது உபசாரமாகலாம், அறமாகாது. ஐயரும் சமணர்களிடமே சென்று அச்சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். ஒரு நூல் பரிந்துரை, பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும் அறியப்படாதிருந்த மனிதர்களை அவர்க்கு அறிமுகம் செய்துவைத்தது.

மூன்றாவது, நூலின் பெயரைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைக் கொடுத்தார். கிடைக்காத நூலைப் பரிந்துரைப்பது பசித்தவர்க்கு விருந்தை விவரிப்பது போன்றதே. பெரிய பெரிய நூல்களின் பெயர்களை அடுக்கித் தம் படிப்பின் அகலத்தைக் காட்டுவோர் பலர்; அந்நூலைத் தேடி எடுத்துக் கையில் கொடுப்போர் சிலரே.

நான்காவது, தாமும் உடனிருந்தார். சிந்தாமணியைப் படிக்கும் ஆர்வம் அவர்க்கே இருந்தது. ஐயரோடு அமர்ந்து பாடம் கேட்டார். ‘நீ படி’ என்று அவர் விரல் நீட்டவில்லை. ‘படிப்போம்’ என்று பக்கத்தில் அமர்ந்தார். பரிந்துரை ஆணையாகாமல் அறமாகும் இடம் இதுவே என்பது என் துணிபு.

நம் வீடும் நம் அலமாரியும்

இனி நம் நிலைக்கு வருவோம். பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றனர். தெருவில் அவ்வூர் மொழி பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்குச் சமையலறை மொழியாகவும், விடுமுறையில் பாட்டியிடம் பேசும் மொழியாகவும் சுருங்கிவிடுமோ என்னும் அச்சம் நம் எல்லோர்க்கும் உண்டு. அந்த அச்சத்தில் நாம் ‘இதைப் படி’ என்று சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. நூலின் நலத்தையோ பிள்ளையின் நலத்தையோ எண்ணாமல், மொழியின் நலத்தை மட்டும் எண்ணிச் சொல்கிறோம். பிள்ளை நூலைத் திறக்கிறான். அதில் கதையைக் காணவில்லை. தன்மீது சுமத்தப்பட்ட கடனைக் காண்கிறான்.

‘வற்புறுத்தாவிட்டால் தமிழே போய்விடுமே’ என்னும் மறுப்பு இங்கே எழும். அம்மறுப்பில் வலுவுண்டு, அதனைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆயின் இங்கே ஒரு வேறுபாடு காண வேண்டும். எழுத்தறிவு வேறு; இலக்கியம் வேறு. எழுத்தும் சொல்லும் கற்பிப்பதில் கட்டாயம் இருக்கலாம். குழந்தையின் விருப்பம் கேட்டு எவரும் அரிச்சுவடி தொடங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு நூலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லாமற் போகிறது. ஆகவே எழுத்தைக் கற்பிப்பது கடமை. அதன்பின் எந்த நூல் என்பதோ அழைப்பு. கடமையை அழைப்புப் போல் தளர்த்துவதும், அழைப்பைக் கடமை போல் இறுக்குவதும் நம் வீடுகளில் நிகழும் இரு பிழைகள். முன்னதால் பிள்ளைக்குத் தமிழ் படிக்க இயலாமற் போகிறது. பின்னதால் படிக்க விருப்பமில்லாமற் போகிறது.

சங்க நூலகங்கள் இவ்வழைப்பை நன்கு விடுக்கலாம். ‘ஊர்விட்டு ஊர்’ என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் எவ்வளவு செல்வம் குவிகிறது! பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய இந்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துயரைப் புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் எழுதினார். போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவில் தமிழன் பட்ட பாட்டைப் ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் வரைந்தார். நாடு விடுதலை பெற்ற நாள்களின் செகந்தராபாத்தை அசோகமித்திரன் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலிலும், தில்லி வாழ்வை ஆதவன் ‘காகித மலர்க’ளிலும், வேலைதேடி மும்பை சென்ற இளைஞனை நாஞ்சில் நாடன் ‘மிதவை’யிலும் காட்டினர். இவை ஒரு மேசையில் கூடினால், இந்நகரில் பிறந்த இளைஞன் ஒருவன் ‘இது என் கதையும்தான்’ என்று கைநீட்டக்கூடும்.

அம்மேசையில் நம்மைப் பெருமைப்படுத்தும் நூல்கள் மட்டும் இருத்தல் போதாது. ஊரை விட்டு வந்தோர்க்கு ஊர் நினைவில் இனிக்கிறது. அவ்வினிமை சிலரை மறக்கச் செய்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992 இல் வெளிவந்தது. அதே ஊர்களில் சாதியின் பெயரால் சிலர் பட்ட இழிவைச் சொல்லும் நூல் அது. நம் பிள்ளைகளுக்கு ஊரை அறிமுகம் செய்யும் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும். அதனை நீக்கிவிட்டுப் பழம்பெருமையை மட்டும் காட்டினால், நாம் தேர்வு செய்பவராக இல்லாமல் தணிக்கை செய்பவராகிவிடுவோம். உண்மை முழுவதையும் தாங்கிக்கொள்ள இளையோரால் இயலும் என்று நம்புவதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையே.

பரிந்துரைப்பவர் நூல், மொழி, வாசகர் ஆகிய மூன்றுக்கும் கடமைப்பட்டவர். மூன்றும் முரணும்போது வாசகர் கடனே முதற்கண் நிற்க வேண்டும். ஏனெனில் நூல் காத்திருக்கும், மொழியும் காத்திருக்கும், ஒரு முறை வெறுப்புற்று விலகிய பிள்ளை திரும்பி வருவது அரிது. படிக்காத நூலைப் பரிந்துரைக்காதிருத்தல், ஏன் பரிந்துரைக்கிறோம் என்பதை இரண்டு வரியில் எழுதி நூலோடு வைத்தல், மாறுபட்ட குரலையும் உடன் வைத்தல், வேண்டா என்று சொல்பவரை முகம் சுளிக்காது விடுதல் ஆகிய இந்நான்கும் எளியவை. எந்தச் சங்கமும் எந்தக் குடும்பமும் செலவின்றிக் கடைப்பிடிக்கக் கூடியவை.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் போன்றது என்பது அரங்கநாதன் ஐந்தாம் விதியின் கருத்து. வளர்வதற்கு இடம் விட வேண்டும். எனவே நாம் எழுதும் ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் ஒரு வரியை வெறுமையாக விட்டு வைப்போம். நாம் சொன்னவற்றைப் படித்துவிட்டு, ‘இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று இளையவர் ஒருவர் அவ்வரியில் ஒரு நூலின் பெயரை எழுதட்டும். அந்நூல் நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அப்போது அதை எடுத்துப் படிப்பது நம்முடைய முறை.